1848: அடுப்பெரித்தவர்களின் பெயர் எங்கே?

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியிலும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் இலங்கைப் பத்திரிகைகளில் ஒரு கட்டுரை தவறாமல் வெளிவரும். 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சி பற்றிய நினைவுக் கட்டுரை அது. பத்திரிகைத் தொழிலில் கழிந்த என் ஆண்டுகளில் அத்தகைய கட்டுரைகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. எழுதியவர் மாறுவார், பெயர்ப் பட்டியல் மாறாது. வீர புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா, டிங்கிரால, குடாபொல தேரர். எதிர்ப்பக்கத்தில் தேசாதிபதி டொரிங்டன் பிரபு. யார் முடி சூடினார், யார் சுட்டார், யார் சுடப்பட்டார் என்பதோடு வரலாறு முடிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. அந்தக் கோடையில் கண்டி மலைநாட்டில் பெண்களே வாழவில்லையோ என்று வாசகன் ஐயுறும் அளவுக்கு இல்லை. இந்த இன்மையைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். மறக்கப்பட்டவர்களுக்கு மாலையிடுவது என் நோக்கமன்று. ஒரு கிளர்ச்சி எதனால் எழுகிறது, எவ்வாறு நீடிக்கிறது, தோற்ற பின்னர் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதைப் பெண்களை விட்டுவிட்டு விளங்கிக்கொள்ள இயலாது என்பதே என் கருத்து.

வத்தேகமவில் இருந்து இதனை எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில் எங்கள் ஊர் இருக்கிறது. அந்தப் பாதை வந்தது 1880இல். கிளர்ச்சிக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். ஆனால் கிளர்ச்சியின் இரண்டு முனைகளும் எங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கின்றன. புரன் அப்பு 1847இல் மணம் புரிந்த பண்டார மெனிக்கே, குன்னேபான ஆராச்சியின் மகள். குன்னேபான நாங்கள் வாழும் அதே பாததும்பறைப் பகுதியைச் சேர்ந்தது. கொங்காலேகொட பண்டா ஒளிந்திருந்து பிடிபட்ட எல்கடுவயோ, எங்கள் ஊருக்கு வடக்கே மலையேறினால் வரும் ஊர். ஒரு பக்கம் மனைவியின் வீடு, மறுபக்கம் மறைந்திருந்த காடு. இவ்விரண்டுக்கும் நடுவில் அமர்ந்துகொண்டு, பெண்கள் எங்கே என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

வரி யார் தலையில் விழுந்தது?

முதலில் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1847இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட வணிக நெருக்கடியால் கோப்பி விலை சரிந்தது. அரசாங்கத்தின் கருவூலம் வற்றியது. புதிதாக வந்த தேசாதிபதி டொரிங்டன் வரிகளை அடுக்கினார். துப்பாக்கி வைத்திருக்க ஆண்டுக்கு இரண்டரை சிலிங் கட்டணம், நாய்க்கு வரி, கடைக்கு வரி, படகுக்கும் வண்டிக்கும் வரி. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் தெரு வேலை செய்யவேண்டும், இயலாவிடின் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்றொரு சட்டம்.

1848 ஜூலை 6ஆந் திகதி கண்டிக் கச்சேரியின் முன்னால் மக்கள் திரண்டனர். ஜூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டப்பட்டது. 28இல் மாத்தளை தாக்கப்பட்டது. அரசாங்கக் கட்டிடங்களில் இருந்த வரிப் பத்திரங்கள் தீக்கிரையாயின. 29இல் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8இல் கண்டி போகம்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டெம்பர் 21இல் எல்கடுவயில் மலாய்ப் படையினர் பண்டாவைப் பிடித்தனர். அவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத்தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. மலாக்காவுக்கு அனுப்பப்பட்ட அவர் 1849இல் இறந்தார்.

இனி அந்த வரிகளை ஒரு கண்டியக் கிராமத்து வீட்டின் முற்றத்தில் நின்று பாருங்கள். சட்டப் புத்தகத்தில் அவை ஆண்களின் மீதான வரிகள். துப்பாக்கி ஆணுடையது, தெரு வேலை ஆணுக்குரியது. நடைமுறையில் என்ன நிகழ்ந்திருக்கும்?

கண்டிய விவசாயியின் துப்பாக்கி போருக்கான ஆயுதமன்று. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கும் கருவி. நாயும் அவ்வாறே. ஆகவே துப்பாக்கி வரியும் நாய் வரியும் உண்மையில் சேனை வரிகளே. சேனையில் விளைவது குரக்கன். குரக்கன்தான் நெல் தீர்ந்த மாதங்களில் வீட்டைக் காப்பாற்றும் தானியம். களை பறிப்பதும், கதிர் கொய்வதும், திரிகையில் அரைத்துப் பிள்ளைகளின் வாயில் இடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலைகள். நெல் குற்றுதல், தண்ணீர் சுமத்தல், விறகு கொணர்தல் ஆகியன கண்டியப் பெண்களின் அன்றாடக் கடமைகளாக இருந்ததைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கைதியாக இங்கு வாழ்ந்த றொபேட் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என்று கொள்ள வழிசெய்திருந்தது. சேனை நிலத்துக்கு எந்தக் கிராமத்தவன் உறுதி வைத்திருந்தான்? அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. விறகு பொறுக்கிய காடு, கிழங்கு தோண்டிய காடு, மூலிகை பறித்த காடு ஆகிய அனைத்தும் துரைமாரின் வேலிக்குள் போயின. காடு தூரமானால் முதலில் அதனை உணர்வது விறகு சுமப்பவளின் கால்கள். அரசாங்க அறிக்கைகளில் இது நில விற்பனை. அவளுக்கு இது நாள்தோறும் கூடுதலாக நடக்க வேண்டிய தூரம்.

தெருச் சட்டமும் இவ்வாறே. ஆண் ஆறு நாட்கள் தெரு வெட்டப் போனால் அவனுடைய ஆறு நாள் வேலை வீட்டில் யார் கைக்கு வரும்? போகாமலிருக்க மூன்று சிலிங் செலுத்துவதானால் காசு எங்கிருந்து வரும்? பணம் அதிகம் புழங்காத வீட்டில் காசு வேண்டுமென்றால், பாக்கையோ கோப்பிக் கொட்டையையோ கோழியையோ விற்க வேண்டும். அவை பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்தில் பெண் பேணி வளர்த்தவை. 1848ஆம் ஆண்டின் கோபம் கச்சேரி முற்றத்தில் வெடித்தது மெய்தான். அது கருக்கொண்ட இடம் வீட்டு முற்றம்.

எட்டு வாரச் சோறு

ஜூலை 29இல் கிளர்ச்சி சிதறியது. செப்டெம்பர் 21இல் பண்டா பிடிபட்டார். இடையில் ஏறத்தாழ எட்டு வாரங்கள். தலைக்கு விலை வைக்கப்பட்டு, இராணுவச் சட்டம் நடப்பில் இருந்த வேளையில், ஒரு மனிதர் எல்கடுவ மலைகளில் மறைந்திருந்தார். எங்கள் பகுதியை அறிந்தவர்களுக்கு அந்த மாதங்களின் மழையும் பனியும் தெரியும். இலைகளையும் கிழங்குகளையும் மட்டும் உண்டு ஒருவர் அங்கே எட்டு வாரம் தாக்குப்பிடித்தார் என்று நம்புவதற்கு நான் ஆயத்தமாயில்லை.

யாரோ சோறு ஆக்கினார்கள். யாரோ அதை இலையில் பொதிந்து கொடுத்தார்கள். படையினர் வந்து விசாரித்தபோது யாரோ ஒன்றும் அறியாதவர்களாக முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு என்னிடம் ஆவணமில்லை. இது என் ஊகமே. ஆனால் உலகின் எந்தத் தலைமறைவு வாழ்க்கையும் யாரோ ஒருவரின் அடுப்பை நம்பாமல் நடந்ததில்லை என்பது ஊகமன்று. அந்த அடுப்பை எரித்தவருக்கும் தண்டனை உண்டு என்பது அந்நாட்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் பதினெட்டுப் பேர் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியாளரின் சொத்துக்கள் பறிமுதலாயின. அரச படையில் ஒருவர்கூட இறக்கவில்லை. இத்தகைய சூழலில் ஒருபிடி அரிசி கூடுதலாகப் போட்டு வேகவைப்பதற்கும் துணிச்சல் வேண்டும்.

பறிமுதல் என்ற சொல்லையும் சற்றே பிரித்துப் பார்க்க வேண்டும். கண்டியச் சட்டத்தில் பெண்ணுக்கு நிலவுரிமை இருந்தது. பின்ன முறைப்படி மணந்தவள் தாய்வீட்டிலேயே இருப்பாள். கணவன் அங்கு வந்து வாழ்வான். வீடும் வயலும் அவளுடையவை. தீக முறைப்படி மணந்து கணவன் வீடு சென்றவளின் நிலை வேறு. மாடுகளையும் நெல்லையும் கவர்ந்து செல்லும் படைவீரன், இது கணவனுடையதா மனைவியுடையதா, பின்னவா தீகவா என்று கேட்டிருப்பானா? ஆணின் குற்றத்துக்கான தண்டனை பெண்ணின் குதிரில் வசூலிக்கப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

பண்டார மெனிக்கேயைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய தந்தையின் பதவியும் கணவனின் பெயரும் மணம் முடித்த ஆண்டும்தான். மணமாகி ஏறத்தாழ ஓராண்டில் அவள் விதவையானாள். புரன் அப்பு எவ்வாறு இறந்தார், இறக்குமுன் என்ன சொன்னார் என்பதை டொரிங்டனே தன் மேலிடத்துக்கு எழுதினார். அவளைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

வாள் அல்லது கண்ணீர்

நம்முடைய வரலாற்று நினைவு பெண்களை முற்றாக மறந்துவிடுகிறது என்று சொல்வது நியாயமாகாது. அதனிடம் இரண்டு அச்சுக்கள் இருக்கின்றன. ஒன்று வாளேந்திய வீராங்கனை. சிவகங்கையின் வேலு நாச்சியாரும் ஜான்சியின் இராணி இலட்சுமிபாயும் அந்த அச்சில் வார்க்கப்பட்டவர்கள். மற்றொன்று துயரமே உருவான தாய். கண்டியில் அந்த இடம் எஹலேபொல குமாரிஹாமிக்கு உரியது. 1814இல் கணவன் ஆங்கிலேயர் பக்கம் சென்றதற்காக அவருடைய பிள்ளைகள் அவர் கண்ணெதிரே கொல்லப்பட்டனர். அவர்களின் தலைகளை உரலிலிட்டு இடிக்குமாறு அவர் பணிக்கப்பட்டார் என்றும், பின்னர் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார் என்றும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. 1818ஆம் ஆண்டின் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிப் போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்ட கெப்பெட்டிப்பொல அவருடைய சகோதரர்.

அந்தக் கொடூரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தண்டனைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவி உரல். பெண்ணின் அன்றாடம் எதுவோ அதுவே அவளை அவமதிக்கும் ஆயுதமாயிற்று. அதிகாரம் செலுத்துவோருக்கு அடுப்படியின் மதிப்பு நன்கு தெரிந்திருக்கிறது. வரலாறு எழுதுவோர்தான் அதனை அறியாதவர்போல் நடந்துகொள்கிறார்கள்.

1818ஐயும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். அந்தக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் கையாண்ட முறை வீடுகளை எரிப்பது, தானியத்தை அழிப்பது, கால்நடைகளைக் கொல்வது. அந்நாட்களில் இங்கிருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, போரிலும் தண்டனையிலும் நோயிலும் பஞ்சத்திலும் இறந்த உள்நாட்டவர் ஏறத்தாழ பத்தாயிரம் பேராக இருக்கலாம் என்று மதிப்பிட்டார். இவர்களில் நோயிலும் பஞ்சத்திலும் மடிந்தோர் யார்? கையில் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமா? தானியக் களஞ்சியத்துக்குத் தீ வைப்பது என்பது பெண்கள் மீதும் பிள்ளைகள் மீதும் போர் தொடுப்பதற்கு மற்றொரு பெயர்.

வீராங்கனைக்கும் துயரத் தாய்க்கும் இடையில் மூன்றாவது அச்சு ஒன்று தேவைப்படுகிறது. வாள் எடுக்காத, ஆனால் அழுதுகொண்டே இருக்கவும் நேரமில்லாத பெண்ணுக்கான அச்சு. பெரும்பான்மையோர் அவர்களே.

போலந்து மக்கள் செய்தது

இந்த மூன்றாவது அச்சைச் செய்துகொண்ட நாடு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசுக்கு எதிராகப் போலந்து மக்கள் 1830இலும் 1863இலும் கிளர்ந்தெழுந்தனர். இரண்டும் தோற்றன. அவர்களுக்கும் வாளேந்திய நாயகி உண்டு. 1831இல் இளவயதிலேயே மறைந்த எமிலியா பிளாட்டர். ஆனால் போலந்தின் நினைவு அவரோடு நின்றுவிடவில்லை. 1861இல் வார்சோவில் ஆர்ப்பாட்டக்காரர் சுடப்பட்ட பின்னர் பெண்கள் கறுப்புடை தரித்தார்கள். தேசமே துக்கவீடு என்று அறிவித்தார்கள். பொன் நகைகளைக் கழற்றிக் கறுப்பு நகைகளை அணிந்தார்கள். அந்த உடைக்கு அஞ்சி அரசு தடையும் அபராதமும் விதித்தது. 1863இல் ஐவர் ஐவராகக் குழுக்கள் அமைத்து, காயமுற்றோரையும் கைதிகளையும் அவர்தம் குடும்பங்களையும் பராமரித்தார்கள். ஆண்கள் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட பின்னர் எஞ்சிய நிலத்தையும் வீட்டையும் நடத்தினார்கள். பள்ளிக்கூடத்தில் மறுக்கப்பட்ட தாய்மொழியை வீட்டுக்குள் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள்.

இவையெல்லாம் இன்று நமக்குத் தெரிவதன் காரணம் எளியது. அந்தப் பெண்களில் பலருக்கு எழுதத் தெரிந்திருந்தது. கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் எஞ்சின. அவற்றுள்ளும் பண்ணை வீட்டுச் சீமாட்டியின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. அவளுடைய வேலைக்காரியின் குரல் கேட்பதரிது. நம்முடைய கண்டியக் கிராமத்துப் பெண்ணோ ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. 1848 பற்றிய காகிதங்களில் பெரும்பாலானவை ஆட்சியாளரின் காகிதங்கள். தேசாதிபதியின் கடிதங்கள், இராணுவ நீதிமன்றப் பதிவுகள், 1849இலும் 1850இலும் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு நடத்திய விசாரணைகள். இறுதியில் டொரிங்டன் பதவியிழக்கவும் இவையே வழிசெய்தன. அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் நிர்வாகம் பற்றியவை. அடுப்படி பற்றியவை அல்ல.

வடபாதையில் நடந்தவர்கள்

தமிழ் வாசகர்கள் இதை வேற்றாரின் கதையென எண்ணிவிடலாகாது. கிளர்ச்சி நடந்த தம்புள்ளை - மாத்தளைத் தெருவே, தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த வடபாதை. அந்தத் தொடக்க காலத்தில் வந்தோரில் ஆண்களே மிகப் பெரும்பாலோர். பெண்கள் மிகச் சிலர். காலராவிலும் காய்ச்சலிலும் அந்தத் தெருவோரம் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் சரியாக இல்லை. ஊரில் தங்கிவிட்ட மனைவிமார் எத்தனை அறுவடைகளைத் தனியே கண்டார்கள் என்பதை எழுதியவரும் இல்லை.

1848 ஜூலையில் அதே தெருவில் ஒரு பக்கம் நிலமிழந்த சிங்களக் குடியானவர். மறுபக்கம் அந்த நிலத்தில் கூலிக்கு நிறுத்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது ஒரே கோப்பிச் செடி. இரு தரப்புப் பெண்களின் அன்றாடமும், அதாவது தண்ணீரும் விறகும் உலையும் பிள்ளையும், ஒன்றுபோலவே இருந்தது. ஆண்களின் வரலாறு அவர்களை இரண்டு இனங்களாக எழுதியிருக்கிறது. பெண்களின் வரலாறு எழுதப்பட்டிருந்தால் அது வேறுவிதமாக அமைந்திருக்கக்கூடும்.

மலையகத் தமிழருக்கு ஒரு நற்பேறு உண்டு. காகிதம் இல்லாத இடத்தில் பாட்டு இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததனால், தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பெண்கள் விட்டுச்சென்ற சாட்சியம் ஓரளவேனும் நம் கைக்கு வந்தது. பிற்காலத்து வரலாற்றாசிரியர் அதனைச் சான்றாக ஏற்கிறார்கள். 1848க்கும் அத்தகைய தேடல் நடந்திருக்க வேண்டும். காலம் வெகுவாகக் கடந்துவிட்டது. ஆயினும் தும்பறையிலும் மாத்தளையிலும் குடும்பக் கதைகள், நிலவுறுதிகள், விகாரைப் பதிவுகள் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும்.

அதே மாத்தளை, அதே கேள்வி

பழைய கதையை ஏன் கிளறவேண்டும் என்று சில வாசகர் கேட்கலாம். பழைய கதை முடிந்திருந்தால் நானும் கிளறமாட்டேன். 2012ஆம் ஆண்டின் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் மண் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஆனால் 1987 - 89 கிளர்ச்சிக் காலத்தில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள் அந்தக் குழியருகே வந்து நின்றார்கள். யாரும் அழைத்து அவர்கள் வரவில்லை.

1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாயிற்று. 1990இல் தெற்கில் அதே பெயரில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரக் கொட்டகையில் அமர்ந்தார்கள். கையில் ஒரு நிழற்படம். வாயில் ஒரே கேள்வி. இந்தப் பெண்களில் எவரும் அதற்காகச் சமைப்பதை நிறுத்திவிடவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. நாளை எழுதப்படும் வரலாற்றில் இவர்களும் 1848இன் பெண்களைப்போல் அடிக்குறிப்பாகக்கூட எஞ்சாமல் போய்விடுவார்களா? என் அச்சம் அதுதான். ஒரு தலைமுறையில் பெண்ணைக் கணக்கில் எடுக்காமல் வரலாறு எழுதப் பழகிய சமூகம், அடுத்த தலைமுறையிலும் அவ்வாறே எழுதும். அந்தப் பழக்கத்தின் விளைவாக, போர் முடிந்த பின்னர் நிவாரணம் பகிரும்போதும் நிலவுறுதி வழங்கும்போதும் குடும்பத் தலைவன் யார் என்றே படிவம் கேட்கிறது.

ஆகவே நான் கேட்பவை பெரியன அல்ல. பாடநூலில் 1848 பற்றிய பாடத்தில், அந்த வரிகள் ஒரு வீட்டின் உணவை எவ்வாறு குறைத்தன என்று ஒரு பத்தி இருக்கட்டும். நினைவுக் கூட்டத்தில் பேசுவோர் புரன் அப்புவின் பெயரோடு பண்டார மெனிக்கேயின் பெயரையும் ஒருமுறை உச்சரிக்கட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலும் மாணவர் சிலர் குறிப்பேட்டோடு தும்பறைக் கிராமங்களுக்கு வந்து, எண்பது வயதைக் கடந்த மூதாட்டிகளிடம் அவர்களின் பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதட்டும். கேட்கும் கதை 1848ஐப் பற்றியதாக இல்லாமல் போகலாம். பின்னாளைய பஞ்சத்தையோ 1989ஐயோ பற்றியதாக இருக்கலாம். அதனாலென்ன? அதுவும் எழுதப்படாததே.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு மூதாட்டி இருப்பார். 1958ஐயோ 1977ஐயோ 1983ஐயோ அவர் கடந்து வந்திருப்பார். ஓடியபோது எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார், அன்றிரவு பிள்ளைகளுக்கு என்ன உண்ணக் கொடுத்தார் என்று கேளுங்கள். தலைவர்கள் அன்று என்ன அறிக்கை விட்டார்கள் என்பது நூலகத்தில் கிடைக்கும். இது அவரிடம் மட்டுமே கிடைக்கும். அதுவும் இன்னும் சில காலத்துக்குத்தான்.